காத்தாடிக்கு அடியில் செத்த பறவை இல்லை என்றால் சேதமே இல்லையா?

கரட்டுக்காடு:
வணக்கம்ங்க. சேர்வராயன் மலை விளிம்பில் காற்றாலை வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பறவை நோக்கர் குழுவில் விவாதம் ஓடுகிறது. "உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இத்தனை காத்தாடி ஓடுது, அடியில ஒரு பறவையும் செத்துக் கிடக்கலையே" என்கிறார்கள் சிலர். இந்த வாதம் நிற்குமா? தேடிப் பார்ப்பதென்றால் எப்படித் தேடணும்? வௌவாலுக்கும் இதே கணக்குதானா?

மூக்கனேரிக்கரை:
நிற்காதுங்க. கிடைத்த உடல் வேறு, செத்த எண்ணிக்கை வேறு. ராத்திரி விழுந்த வௌவாலை விடிவதற்குள் கீரியோ நாயோ தூக்கிவிடும், மிச்சம் காக்கைக்கு. ஏற்காடு மாதிரி காப்பித் தோட்டம் என்றால் இன்னும் மோசம். சின்ன வௌவால் சிறகை மடக்கிக் கிடந்தால் காய்ந்த காப்பி இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, குனிந்து புரட்டிப் பார்க்கணும்.

கோபுரத்தைச் சுற்றி 120 மீட்டர் சதுரம் அளந்து, 5 மீட்டருக்கு ஒரு கயிறு கட்டி, விடிந்ததும் வரிசை வரிசையாக நடக்கணும். இது பாதி வேலைதான். தேடுபவருக்குத் தெரியாமல் இன்னொருவர் 20 செத்த எலிகளைப் போட்டு வைக்கணும். பழுப்பு எலிதான் வேண்டும். வெள்ளை எலி தூரத்திலேயே கண்ணில் பட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். 12 எலி கிடைத்தால் கண்டுபிடிக்கும் திறன் 0.6. அடுத்து, எலிகளை அப்படியே விட்டு தினமும் போய்ப் பார்க்கணும். அடுத்த தேடல் நாள் வரை பாதிதான் மிஞ்சுகிறது என்றால் 0.5. சரிவு, புதர் என்று கால் வைக்க முடியாத இடத்தில் 30 சதவீதம் விழும் என்றால் 0.7. மூன்றையும் பெருக்கினால் 0.21. அப்படியானால் 3 உடல் கிடைத்த இடத்தில், 3ஐ 0.21ஆல் வகுத்தால், செத்தது சுமார் 14.

ஒன்றுமே கிடைக்காத நாளுக்கும் இதே கணக்குதான். 5 செத்திருந்தாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

சாமக்கோடாங்கி:
வௌவாலைப் பற்றிக் கேட்டீர்கள். 100 மீட்டர் விட்டமுள்ள காத்தாடி நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும். கீழே நின்று பார்த்தால் ஏதோ சோம்பலாகச் சுற்றுவது போலத்தான் தெரியும். பல வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் இழப்பு சீக்கிரம் ஈடாகாது.

நல்ல செய்தி, வௌவால் அதிகம் பறப்பது காற்று குறைந்த ராத்திரியில். வழக்கமாக நொடிக்கு 3 முதல் 4 மீட்டர் காற்றிலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்குவார்கள். இரவில் மட்டும் அந்த வரம்பை 5 அல்லது 6.5க்கு உயர்த்தி, அதற்குக் கீழே பிளேடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பி நிறுத்திவிடணும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2008, 2009இல் இப்படிச் செய்தபோது வௌவால் சாவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு மின் உற்பத்தியில் இழப்பு 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. வௌவால் ஒலிப்பதிவுக் கருவியைத் தரையில் மட்டும் வைத்து ஏமாறாதீர்கள். வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத மீயொலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் பிளேடு உயரத்தில் பறப்பது கீழே பதிவாகாது. மேலேயும் ஒன்று வேண்டும்.

கரட்டுக்காடு:
ரொம்ப நன்றிங்க. பருந்து, கழுகுக்கு?

பாறைமேடு:
மலை விளிம்பில் மோதி மேலெழும் காற்றில்தான் கருங்கழுகு இறக்கை அசைக்காமல் மிதக்கும். இரை தேடும்போது தலை கீழ்நோக்கி இருப்பதால் எதிரே வருவது அதன் பார்வையில் விழாது. ஆகவே விளிம்பை ஒட்டிக் காத்தாடியை நடவே கூடாது. நார்வேயின் ஸ்மோலா தீவில் 4 காத்தாடிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பிளேடுக்கு மட்டும் கறுப்பு அடித்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நாலே காத்தாடி என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, உடல் கிடைக்காததற்குப் பறவையே அங்கே இல்லாததும் காரணமாகலாம். மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி மேட்டில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், காற்றாலை உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் இருந்தன; அவை தின்னும் ஓணான்கள் பெருகியிருந்தன. காத்தாடி வருவதற்கு முன்பே ஒரு முழு ஆண்டாவது எண்ணி வைக்காவிட்டால் இந்த இழப்பை எவராலும் காட்ட முடியாது. சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களைச் சொல்லும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் காற்றாலை இல்லை, அதனால் அந்த எண்ணிக்கையை நாமே எடுத்தால்தான் உண்டு.

மூக்கனேரிக்கரை:
உடலைக் கையில் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதுவரை அளவுகோலோடு படம், ஜிபிஎஸ் புள்ளி, நேரம், கோபுரத்திலிருந்து தூரம் போதும். அனுமதி கிடைத்த பிறகும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், தடித்த கையுறை கட்டாயம்.