புதுப்பிப்பு: 0 டிகிரி உயரம் கிடைத்துவிட்டது

வளிமண்டலத்தின் அழுத்த மட்டங்களில் (காற்றழுத்தம் ஒரே அளவாக இருக்கும் அடுக்குகளில்) உள்ள வெப்பநிலைத் தரவிலிருந்து, வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் 0 டிகிரி செல்சியஸ் வரும் உயரத்தை எப்படி எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பூஜ்ஜியத்துக்கு மிக அருகிலுள்ள மட்டத்தை எடுத்ததில் வரைபடம் படிக்கட்டு மாதிரி வந்தது.

சரி, தீர்ந்தது. அடுத்தடுத்த மட்டங்களுக்கிடையே வெப்பநிலையின் குறி (+, −) மாறும் இடத்தைப் பிடித்து, அங்கே மட்டும் நேர்கோட்டு இடைக்கணிப்பு, அதாவது நடுவில் வெப்பநிலை ஒரே சீராக மாறுகிறது என்று வைத்துக் கணக்கிடுவது. 700 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) மட்டத்தில் 3,150 மீட்டர், +4 டிகிரி. 600-இல் 4,380 மீட்டர், −2 டிகிரி என்றால், ஆறில் நாலு பங்கு ஏற வேண்டும்: 3,970 மீட்டர்.

அப்புறம் ஒரு தொல்லை. மேலே போகப் போகச் சூடேறும் அடுக்கு இருந்தால் வெப்பநிலை இரண்டு மூன்று இடங்களில் 0 டிகிரியை வெட்டுகிறது. மேலிருந்து தேடி, முதலில் சிக்கியதை வைத்துக்கொண்டேன். தரையழுத்தத்தை ஒப்பிட்டு நிலத்துக்குக் கீழுள்ள மட்டங்களை முதலிலேயே நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் 0 டிகிரி உயரம் மலைக்குள்ளே போய் உட்காரும்.