உப்புக்காற்று, ஒரு போர்டிகோ, இரண்டு கார்: கூரை எதற்கு?

உப்புவெளி மைனர் கேட்டது:

வணக்கம். திருகோணமலை, உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் முந்நூறு மீற்றர்கூட இருக்காது. வீட்டில் இரண்டு கார். ஒன்று அப்பாவின் 1959 மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 948 சிசி. மற்றது என்னுடைய 2013 டொயோட்டா அக்வா. போர்டிகோவில் ஒரு காருக்குத்தான் இடம். எதை உள்ளே விடுவது?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இல்லாவிட்டால் "பழையதை விற்றுவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து விலை பேசிவிட்டுப் போனார்கள். விற்கிற எண்ணம் இல்லை.

மைனரை அப்பா 1978இல் ஒரு ஓவசியரிடம் வாங்கினார். கைகாட்டி இன்னும் வேலை செய்கிறது. திரும்பும்போது கதவுத் தூணுக்குள்ளிருந்து செம்மஞ்சள் கை எழும்பி நிற்கும். இப்போது வீதியில் போகிறவர்களுக்கு அது விளங்காது என்பதால் சின்ன சிக்னல் விளக்குகளும் பூட்டியிருக்கிறேன். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். அப்பாவுக்கு 81 வயது, ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆனாலும் காலையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே அந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பார். ஓய வேண்டிய நேரத்தில் ஓயாமல் அடித்தால், "ஊசி வால்வு ஒழுகுது, கழற்றிப் பார்" என்பார். இரண்டு தடவை கழற்றிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவர் சொன்னதுதான்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கார் முற்றத்தில் நின்றது. சீற் நனையுமளவுக்குத் தண்ணீர். வடிந்த பிறகு அப்பா மூன்று நாள் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவினார். அடுத்த வருடம் அடித்தகடு மாற்றினோம். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அப்பாவை மைனரில்தான் கோணேஸ்வரத்துக்குக் கூட்டிப்போகிறேன். கோட்டை வாசலைத் தாண்டினால் மான்கள் குறுக்கே நிற்கும், பொறுமையாக நின்று, அப்புறம் இரண்டாம் கியரில் ஏறுவோம்.

அக்வாவையும் குறைத்துச் சொல்ல முடியாது. மாதம் இரண்டு முறை கொழும்பு போய் வருவது அதில்தான். எனக்கு லீற்றருக்கு 22 கிலோமீற்றர் தருகிறது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்றிருந்தபோது, அந்த 20 லீற்றருக்குள் அம்மாவைக் கண்டிக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டித் திரும்பினேன். அந்தப் பயணத்தை நான் மறக்கவில்லை.

பிரச்சினை இதுதான். போன மாரியில் அக்வாவை உள்ளே விட்டு, மைனரைத் தறப்பாளால் மூடி வெளியே விட்டேன். தை மாதம் திறந்தால் பின் மட்காட்டின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. அதற்கு முதல் ஒரு கராஜில் (பெயர் வேண்டாம்) அடிப்பக்கத்துக்குத் தார் மாதிரித் தடிப்பாகப் பூசித் தந்தார்கள். கறளைச் சுரண்டாமல் மேலேயே பூசியிருக்கிறார்கள். இப்போது அது தகட்டோடு சேர்ந்து உரிகிறது. சரி, மைனரை உள்ளே விடலாம் என்றால், கச்சான் காற்றுக்கால வெயிலில் நிற்கும் அக்வாவின் ஹைபிரிட் பற்றரிக்கு என்ன ஆகும் என்ற பயம்.

கிண்ணியா அக்வா:

என்னிடமும் அக்வாதான், 2014. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. பற்றரிக்குச் சூடு நல்லதல்ல என்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியம் அதன் காற்றோட்டம். பின் சீற்றின் பக்கத்தில் வலை போட்ட ஒரு துவாரம் இருக்கும், பற்றரியைக் குளிர வைக்கும் காற்று அதற்குள்ளால்தான் போகிறது. பையை, குடையை அதற்கு முன்னால் வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் விசிறியில் தூசி அடைத்தால் கூரைக்குக் கீழே நின்றாலும் பற்றரி சூடாகும். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து துப்புரவாக்குகிறேன். முதல் தடவை திறந்தபோது கம்பளி மாதிரி ஒரு படை வந்தது. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓடி, அதற்குப் பிறகு ஏசி போடுங்கள்.

பழைய ஸ்பானர்:

தம்பி, நான் மட்டக்களப்பில் நாற்பது வருடம் கராஜ் வைத்திருந்தவன். மைனர், ஒஸ்டின் ஏ40, பீட்டில் எல்லாம் கையில் பட்டவை.

முதலில் அந்தத் தறப்பாளை எடுத்து வேறு வேலைக்குக் கொடுங்கள். நிலத்திலிருந்து எழும்பும் ஈரம் அதற்குக் கீழே போக வழியில்லாமல் நிற்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு மாரி முழுக்கத் தகட்டைத் தின்னும். கடற்கரையில் மழை படுவதைவிட மூடிவைப்பது கெடுதி. மழையாவது உப்பைக் கழுவும்.

மைனருக்குத் தனியாகச் சேஸி கிடையாது. உடம்புதான் பலம். கதவுகளுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் பெட்டித் தகடும், முன் சீற்றுகளுக்குக் கீழே குறுக்கே போகிற தகடும், பின் ஸ்பிரிங் தொங்குகிற இடமும் உறுதியாக இருந்தால் கார் இருக்கும். ஒரு ஸ்குரூ டிறைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், கறள் பிடித்தது மொத்தென்று கேட்கும். அந்தத் தார்ப் பூச்சு முழுவதையும் சுரண்டியே ஆக வேண்டும். கொழும்புக்குப் போனால் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் மட்டும் தேடாதீர்கள். காலி நகரில் மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பியவர்கள் இருந்தார்கள், அந்தப் பக்கமும் விசாரியுங்கள்.

முன் சில்லைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கிறீர்களா? ஓடாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடியுங்கள். கீழ் மூட்டின் புரி தேய்ந்தால் ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது சில்லு மடிந்து விழும். கோணேஸ்வர ஏற்றத்தில் அது நடக்கக் கூடாது, அதுவும் உங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு. பிரேக் ஒயில் ஊற்றும் மூடி சாரதியின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் எல்லோரும் மறப்பார்கள். அந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாடை அடிக்கிற காலத்தில் கடலிலிருந்து உப்பு நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறது. அப்போது மைனர் உள்ளே, அக்வா வெளியே. வைகாசியிலிருந்து கச்சான் தரைப்பக்கமிருந்து காய்ந்து வரும். அப்போது மைனர் வெளியே நின்றாலும் காற்று அதைக் காயவைக்கும், அக்வாவை உள்ளே விடுங்கள். வசதிப்பட்டால் மைனருக்கு ஒரு கிடுகுக் கொட்டில் போடுங்கள். தகரம் வேண்டாம். கிடுகு சூட்டை இறக்காது, காற்றும் போய்வரும். எலி வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வயரைக் கடித்துவிடும்.

இன்னொன்று. கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வடமராட்சி ஏ40:

ஸ்பானர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒன்று மட்டும். யாராவது "ஜப்பான் எஞ்சின் மாற்றிவிடுங்கள், தொல்லை இல்லை" என்று கட்டாயம் வருவார்கள். மாற்ற வேண்டாம். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகை கண்ணை எரிக்கும், ஏற்றத்தில் இழுக்காது, ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த எஞ்சின்தான். என் ஏ40இல் இன்றும் அதே எஞ்சின். பற்றரி மாற்றும்போது கவனம், உங்களுடைய காரிலும் பொசிற்றிவ் முனைதான் கார் உடம்பில் பூட்டியிருக்கும். இளம் மெக்கானிக்குகள் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடுவார்கள்.

உப்புவெளி மைனர்:

எல்லோருக்கும் நன்றி. அக்வாவின் விசிறியை ஞாயிறு திறந்தேன். கிண்ணியா அண்ணன் சொன்ன அதே கம்பளிப் படைதான்.

ஸ்பானர் ஐயா, கிறீஸ் அடித்து எட்டு மாதம் ஆகியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அன்றே அடித்தேன். கீழ் மூட்டில் ஆட்டம் இல்லை. தட்டிப் பார்த்ததில் இடதுபக்கப் பெட்டித் தகட்டின் பின்பாதி மொத்தென்று கேட்கிறது. வெல்டிங்குக்கு ஆள் பேசியிருக்கிறேன், சுரண்டும்போது நானும் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன். கிடுகுக்கும் சொல்லியாகிவிட்டது.

கதவு ஓட்டைகளைப் பார்த்தேன். மூன்று கதவில் நன்றாக இருந்தது. இடது பின் கதவில் கம்பி உள்ளே போகவில்லை. உள்அட்டையைக் கழற்றினால் அடியில் நாலு விரல் அகலத்துக்கு இறுகிப்போன மணல். வீதி மண் இல்லை, வெள்ளைக் கடல் மணல். கரண்டியால் கிளறியபோது நகமளவு ஒரு சிப்பியும் வந்தது. அந்த அட்டையை 2005க்குப் பிறகு யாரும் கழற்றவில்லை.

அப்பாவின் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூன்று நாள் கழுவியும் விட்டுவிட்டேனே" என்றார். பிறகு கதிரையை விட்டு எழும்பி வந்து, வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கதவுக்குள் தானே ஊற்றினார். ஓட்டையால் கலங்கி வந்து, அப்புறம் தெளிந்து வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தக் கதவின் உள்பக்கத்துக்கு அடிக்க எது நல்லது, மெழுகா கிறீஸா? ஐயா, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.