ஆள் உள்ளே இறங்கும் டேங்க் கிளீனிங்குக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் (ஆபத்து மதிப்பீடு) யார் போடலாம்?

கேள்வி: சேஃப்டி டிப்ளமோ மட்டும் போதுமா?

பதில் 1: போதாதுங்க. வாயு சோதனை கையில் பழகியிருக்கணும். முதலில் ஆக்சிஜன் (19.5–23.5%), பிறகு எரியும் வாயு, அப்புறம் நச்சு வாயு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கேட்டலிட்டிக் சென்சார் (வாயுவை எரித்து அளக்கும் மீட்டர் பாகம்) எரியும் வாயுவைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் இந்த வரிசை. மேல், நடு, அடி மூன்றிலும் அளக்கணும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில்தான் தங்கும், சகதியைக் கிளறினால் மறுபடி கிளம்பும். அதனால் வேலை முடியும்வரை மீட்டர் ஓடணும்.

பதில் 2: ஒவ்வொரு ஆபத்துக்கும் தீவிரம், வாய்ப்பு என்று மார்க் போடுவதிலேயே ஆள் தெரிந்துவிடும். ஏர்லைன் மாஸ்க் (வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் மாஸ்க்) கொடுத்தாச்சு என்று தீவிரத்தை 5-லிருந்து 2 ஆக்குவார்கள். மாஸ்க் கழன்றால் சாவுதானே? குறைவது விபத்து நடக்கும் வாய்ப்பு மட்டும்.

பதில் 3: அசெஸ்மென்ட்டின் மீட்புப் பகுதியில் 'தீயணைப்புத் துறையை அழைப்போம்' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்க. ட்ரைபாட் (முக்காலி), ஆளைத் தூக்கும் வின்ச், வாயிலில் ஒரு ஆள்: எல்லாம் இறங்கும் முன்பே தயாராக இருக்கணும்.