பவர் பத்திரம்: நோட்டரி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி

குழு: ஈசூன் நம்ம புளோக் (சிங்கப்பூர்)
வியாழன், இரவு 8:12

நிர்மலா (7ஆம் மாடி): எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 81 வயசு, வீல்சேர். தஞ்சாவூர் பக்கம் அம்மா பேர்ல இருக்கிற நிலத்த விக்க, அம்மா சார்பா கையெழுத்து போட ஊர்ல இருக்கிற தம்பிக்குப் பவர் குடுக்கணும். வீட்டுக்கே வர்ற நோட்டரி இருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லலாமா? என்ன ரெடி பண்ணி வைக்கணும்?

ரஹீம் பாய்: வருவாங்கம்மா. வீடு, ஆஸ்பத்திரி வார்டு, முதியோர் இல்லம் எல்லாத்துக்கும் வருவாங்க. ஆனா வர்றவரு நோட்டரி பப்ளிக்தானான்னு பாத்துக்குங்க. கமிஷனர் ஃபார் ஓத்ஸ் வேற ஆளு. அவர் முத்திரை சிங்கப்பூர்ல பயன்படுத்துற காகிதத்துக்கு. வெளிநாட்டுக்குப் போறதுக்கு நோட்டரிதான்.

ரஹீம் பாய்: சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா இணையப் பக்கத்துல நோட்டரி பட்டியல் இருக்கு. பேரத் தட்டிப் பாருங்க. இங்க நோட்டரின்னா வக்கீலாத்தான் இருப்பாரு. "நாங்க எல்லாம் பண்ணித் தர்றோம்"னு போன்ல பேசறவங்க பல பேர் நடுவுல நிக்கிற ஏஜென்ட்.

செல்வி அக்கா: நிர்மலா, ஞாயிறு வேணாம். டிராஃப்ட் ஊர்ல ஓகே ஆயிடுச்சா?

நிர்மலா: இன்னும் இல்லக்கா. நெட்ல ஒரு ஃபார்மட் எடுத்து வச்சிருக்கேன்.

செல்வி அக்கா: அத ஓரமா வைங்க. நோட்டரி வந்து போறது அரை மணி நேர வேலை. திரும்பி வர்ற பவர் எல்லாம் டிராஃப்ட்லதான் அடிபடும். நிலம் எந்த சார் பதிவாளர் ஆபீஸ் எல்லையில வருதோ அங்க வேலை பாக்கற பத்திர எழுத்தர்கிட்ட டிராஃப்ட் வாங்குங்க. எந்த வாசகத்துக்கு அந்த ஆபீஸ்ல மறுப்பு வரும்னு அவருக்குத் தெரியும். இங்க நோட்டரி அதப் பாக்க மாட்டாரு. கையெழுத்து போட்டது யாரு, புரிஞ்சுதான் போட்டாங்களா, இது மட்டும்தான் அவர் பொறுப்பு.

கோவிந்தசாமி மாமா: செல்வி சொல்வது சரி. பெயர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் அங்கேதான். ஊர்ப் பத்திரத்தில் பெண்களுக்குக் க/பெ என்று கணவர் பெயர் இருக்கும். நம் அடையாள அட்டையிலோ 'டாட்டர் ஆஃப்' என்று தகப்பனார் பெயர். ஆங்கில எழுத்துக் கூட்டலும் ஒத்துப்போகாது. பட்டாவில் லட்சுமி, ஐசியில் லெட்சுமி. பதிவாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆட்கள் என்றுதான் சொல்வார்.

நிர்மலா: ஐயோ மாமா, அம்மாவுக்கு அப்படியேதான் இருக்கு 😟

கோவிந்தசாமி மாமா: பயப்பட வேண்டாம். பவரிலேயே "லட்சுமி என்கிற லெட்சுமி" என்று போட்டு, கணவர் பெயர், தகப்பனார் பெயர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். கூடவே இரண்டு பெயரும் ஒருவரே என்று அம்மா தரும் உறுதிமொழி ஒரு பக்கம். கடப்பிதழ் எண்ணும் இருக்கட்டும்.

கதிர் (12ஆம் மாடி): செலவு எவ்வளவு ஆகும்?

ரஹீம் பாய்: நோட்டரி சர்டிபிகேட் ஒண்ணுக்கு 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அகாடமி கட்டணம் 87 வெள்ளி 20 காசு, ஜிஎஸ்டி சேத்து. ரெண்டும் சேர்ந்து 162.20. அதுக்கு மேல சாட்சிக் கையெழுத்து, நகல் சான்று, வந்து போற கட்டணம். வந்து போறதுக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. மொத்தம் எவ்வளவுன்னு முதல்லயே மெசேஜ்ல கேட்டு வாங்கிடுங்க.

செல்வி அக்கா: முக்கியமானது, கட்டணம் சர்டிபிகேட் கணக்கு. பவர், பேர் உறுதிமொழி, பாஸ்போர்ட் நகல் மூணையும் ஒரே சர்டிபிகேட்டுக்குக் கீழ கோக்க முடியுமான்னு நோட்டரிகிட்ட கேளுங்க. ஒரே காரியத்துக்குப் போறதுன்னா பெரும்பாலும் முடியும். தனித்தனியாப் போட்டா மூணு 162. பத்திரமா இருக்கட்டும்னு பவர ரெண்டு அசலாப் போட்டாலும் செலவு ரெண்டு மடங்கு.

கதிர்: அப்போஸ்டில், அதான் நோட்டரி கையெழுத்து உண்மைன்னு வெளிநாடு ஏத்துக்கற சான்று, அத வாங்க அப்பறம் தனியா அலையணுமா?

செல்வி அக்கா: வேணாம். 2021 செப்டம்பர் 16லேர்ந்து சிங்கப்பூர் அப்போஸ்டில் உடன்படிக்கையில இருக்கு. நோட்டரி சர்டிபிகேட்டோட பின்பக்கத்துலயே அகாடமியோட அப்போஸ்டில் வந்துடும். இந்தியா 2005லேர்ந்தே அதுல இருக்கு. உடன்படிக்கையில இல்லாத நாடுன்னாத்தான் அப்பறமும் தூதரகப் படி ஏறணும். சில ஊர்ல இன்னும் பழக்கத்துல "எம்பசி சீல் எங்க"ன்னு கேப்பாங்க. எழுத்தர்கிட்ட அதையும் இப்பவே கேட்டு வைங்க.

கோவிந்தசாமி மாமா: சட்டத்தில் இடம் இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவு: பவர் கொடுப்பவர் இந்தியாவில் வசிக்காதவர் என்றால், நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ எழுதிக் கொடுத்து, அவர் சான்றளித்தால் போதும். 'முன்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் நாளே அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டு "வந்து சீல் மட்டும் போடுங்கள்" என்றால் எந்த நோட்டரியும் போட மாட்டார். போட்டால் அது சான்றே இல்லை.

நிர்மலா: அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது மாமா. கையும் நடுங்கும்.

செல்வி அக்கா: அப்ப ரெண்டு விஷயம். டிராஃப்ட் இங்கிலீஷ்ல இருந்தா, அம்மாவுக்குத் தமிழ்ல வாசிச்சு விளக்கினதா ஒரு வாசகம் கடைசியில வரணும். விளக்கினவர் அதுல கையெழுத்து போடணும். அது நீங்களா இருக்கக் கூடாது, பவர் வாங்கற தம்பி வீட்டு ஆளாவும் இருக்கக் கூடாது. தமிழ் தெரிஞ்ச நோட்டரி கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

செல்வி அக்கா: கையெழுத்து வரலன்னா கைநாட்டு. இடது பெருவிரல். இங்க்பேட் நீங்களே வாங்கி வைங்க, காஞ்ச பேட்ல ரேகை விழாது. ஆனா முன்கூட்டியே நோட்டரிகிட்ட சொல்லணும், வாசகம் மாறும். ரேகை மேல எழுத்து படக்கூடாது, தனிக் கட்டமா விடச் சொல்லுங்க.

ரஹீம் பாய்: நோட்டரி உங்கள வெளிய இருக்கச் சொல்லிட்டு அம்மாகிட்ட தனியாப் பேசுவாரு. கோவிச்சுக்காதீங்க. "எந்த நிலம், யாருக்குப் பவர், எதுக்கு"ன்னு கேப்பாரு. அம்மா வாயாலதான் பதில் வரணும். பக்கத்துல நின்னு எடுத்துக் குடுத்தா அவரு பேனாவ மூடிடுவாரு. மருந்து சாப்பிட்டுத் தூக்கம் வர்ற நேரம் வேணாம், காலையில வைங்க.

கதிர்: ஞாபக மறதி இருந்தா?

செல்வி அக்கா: லேசா இருந்தா அதே வாரம் பாத்த டாக்டர் கடிதம் வைங்க, நோட்டரி கேக்கலாம். முத்திப் போயிருந்தா பவர் வழியே கிடையாது. முன்னாடி எழுதின எல்பிஏ (பின்னாடி சுயமா முடிவெடுக்க முடியாமப் போனா நம்ம சார்பா பாத்துக்க ஆள் நியமிக்கிற பத்திரம்) இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. அது இங்க பேங்க், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு. அதக் கையில வச்சுக்கிட்டு தஞ்சாவூர் நிலத்த விக்கப் போனா வேலைக்கு ஆகாது.

நிர்மலா: சரிக்கா. அன்னைக்கு மேசையில என்னென்ன இருக்கணும்?

செல்வி அக்கா: ஐசியும் பாஸ்போர்ட்டும் அசல், போன்ல படம் எடுத்தது ஆகாது. அம்மா போட்டோ, தம்பி போட்டோ. ரெண்டு சாட்சி, ஐசியோட. பக்கத்து வீட்டு ஆளே போதும், தம்பியோட சம்சாரம் மட்டும் வேணாம். பவர் சாதா ஏ4ல, ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட். ஊர்லேர்ந்து முத்திரைத்தாள் வரவழைக்க வேணாம். தேதி மட்டும் நோட்டரி முன்னாடி எழுதற மாதிரி விட்டுட்டு மத்த எல்லாத்தையும் நிரப்பிடுங்க. காலி இடம் இருந்தா அடிச்சு, பக்கத்துல கையெழுத்து வாங்குவாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வரும், நடுங்கற கைக்குப் பத்துப் பக்கம் பாவம். டிராஃப்ட்ட சுருக்கச் சொல்லுங்க.

செல்வி அக்கா: ஸ்டேப்ளர் அடிச்சு வைக்காதீங்க. அவரே கோத்து சீல் வைப்பாரு.

ரஹீம் பாய்: அந்தக் கோப்ப அப்பறம் யாரும் பிரிக்கக் கூடாது!! ஸ்கேன் எடுக்கறேன்னு கழட்டினா தாள மாத்தினீங்களான்னு சந்தேகம் வரும். 162 வெள்ளியும் போச்சு. மடக்கிப் பிடிச்சு போன்ல படம் எடுங்க, போதும்.

நிர்மலா: வீடியோ கால்ல முடிக்க முடியாதா? தம்பி கேக்கறான்.

ரஹீம் பாய்: நிலத்துப் பவருக்கு அந்த யோசனையே வேணாம். மை கையெழுத்து இல்லாத காகிதத்த ஊர்ல தொட மாட்டாங்க.

கோவிந்தசாமி மாமா: அனுப்பிய பிறகும் கணக்கு இருக்கிறது. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். தம்பி அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அட்ஜுடிகேஷனுக்கு, அதாவது தீர்வை எவ்வளவு என்று அவர்கள் முடிவு செய்வதற்கு, கொடுப்பார். கூரியர் கவரைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. அம்மா பெயரிலிருந்து போனதற்கான கூரியர் ரசீதையும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தசாமி மாமா: விற்கும் நேரத்தில், அம்மா உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அது புதிதாக வாங்கியதாக இருக்கவேண்டும். இப்போதே வாங்கிப் பூட்டி வைத்தால் பழசாகிவிடும்.

நிர்மலா: அப்ப ஞாயிறு நோட்டரிய நிறுத்திடறேன். டிராஃப்ட் வந்ததும் இங்க போடறேன்.

செல்வி அக்கா: குழுவுல போடாதீங்க, ஐசி எண் எல்லாம் இருக்கும். எனக்குத் தனியா அனுப்புங்க. சர்வே எண்ண பட்டாவோட வச்சுப் பாத்துட்டு அனுப்புங்க. உட்பிரிவுதான் விட்டுப் போகும்: பட்டாவுல 142/3பி-ன்னு இருக்கும், டிராஃப்ட்ல வெறும் 142.

கதிர்: செல்விக்கா, கைநாட்டு இங்க்பேட் தேக்காவுல கிடைக்குமா?

ரஹீம் பாய்: புக்குக் கடையில கேளு தம்பி. ஊதா வேணாம், கருப்பு.