அடைப்புக்குறிக்குள் இத்தனை மா-லெ கட்சிகள் ஏன்?

கேள்வி (செந்தூரன்):
இ.க.க. (மா-லெ), அதாவது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்), என்றால் பின்னால் லிபரேஷன், நியூ டெமாக்ரசி, ரெட் ஃப்ளாக் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டே வருகிறது. பெயர் யாருக்கு என்று தேர்தல் ஆணையம் தீர்த்து வைக்காதா? ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்த மக்கள் யுத்தம் (பீப்பிள்ஸ் வார்), எம்.சி.சி. (மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் சென்டர்) என்ற இரு ஆயுதக் குழுக்கள் மட்டும் 2004-ல் எப்படிச் சேர்ந்தன?

தறியன்:
ஒட்டுப்பெயர் பெரும்பாலும் அந்தக் குழு நடத்தும் பத்திரிகையின் பெயர். 1969 ஏப்ரல் 22-ல் தொடங்கிய கட்சியின் வாரிசு நாங்கள்தான் என்று ஒவ்வொரு குழுவும் சொல்லும்போது மூலப்பெயரை யார் விடுவார்கள்? அதன் தலைவர்களில் ஒருவரான சத்யநாராயண் சிங்கின் அணி 1971-லேயே பிரிந்துவிட்டது. 1972 ஜூலையில் கட்சியின் தலைவர் சாரு மஜும்தார் போலீஸ் காவலில் இறந்த பிறகு எல்லோரையும் கட்டிப்போடும் மையம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆளாளுக்கு ஒரு மையக் குழு.

கரிசல்காட்டான்:
ஆணையம் எல்லாப் பிளவிலும் தலையிடாது. 1968 தேர்தல் சின்னங்கள் ஆணையின் 15-ஆம் பத்தி அங்கீகரிக்கப்பட்ட (மாநில, தேசிய அந்தஸ்து பெற்ற) கட்சியின் பிளவுக்குத்தான். வெறும் பதிவு மட்டும் உள்ள கட்சி உடைந்தால் சிவில் நீதிமன்றம்தான் வழி. தலைமறைவுக் குழுக்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

தறியன், ஒரு திருத்தம்: எல்லாரும் 1969 கட்சியின் வாரிசுகள் அல்ல. எம்.சி.சி. அதில் சேரவே இல்லை, அதே ஆண்டு அக்டோபரில் தனியாகத் தொடங்கியது. 2004 இணைப்பின் முடிச்சே இங்கேதான். மக்கள் யுத்தத்துக்கு சாரு ஸ்தாபகர், எம்.சி.சி.க்கு கனாய் சட்டர்ஜி. ஒருவரை விட்டுக்கொடுக்கச் சொன்னால் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும். இருவரையுமே ஸ்தாபகத் தலைவர்களாக ஏற்றார்கள், புதுக் கட்சிப் பெயரில் ‘மா-லெ’யை விட்டு ‘மாவோயிஸ்ட்’ என்று வைத்தார்கள். அதற்குமுன் இரு பக்கமும் தனித்தனியாக வேறு குழுக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன: 1998-ல் பார்ட்டி யூனிட்டி என்ற மா-லெ குழு மக்கள் யுத்தத்தோடு சேர்ந்தது, 2003-ல் எம்.சி.சி. இன்னொரு குழுவைச் சேர்த்து எம்.சி.சி.ஐ. ஆனது. திட்டம், போர்த்தந்திரம், அமைப்பு விதி உட்பட ஐந்து ஆவணங்களை முதலில் ஒப்புக்கொண்டு 2004 செப்டம்பர் 21-ல் இணைந்தார்கள். ஐக்கியக் காங்கிரஸ் (இணைந்த கட்சியின் மாநாடு) 2007-ல்தான். மேலே கைகுலுக்கிவிட்டு ஆவணத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிற இணைப்பு முதல் மாநாட்டிலேயே பிய்ந்துவிடும்.

செந்தூரன்:
அப்போ பீகாரில் லிபரேஷன் கட்சி, காங்கிரஸ் கட்சியோடும் ஆர்.ஜே.டி.யோடும் (ராஷ்ட்ரிய ஜனதா தளம்) சேர்ந்தது?

தறியன்:
அது இணைப்பே இல்லை, தொகுதி உடன்பாடு. கொள்கை ஆவணம் எதையும் ஒத்துப்பார்க்க வேண்டியதில்லை. 2020 பீகார் சட்டமன்றத் தேர்தலில் 19 இடத்தில் நின்று 12 ஜெயித்தார்கள். அதே கூட்டணியில் 2025-ல் 20-ல் நின்று 2. கூட்டணி சரிந்தால் கூடவே சரியும். ஆனால் கட்சி உடையாது. லிபரேஷன் இணைப்பு பார்க்க வேண்டுமானால் 2024-ல் ஜார்க்கண்டில் தொழிற்சங்கத் தலைவர் ஏ.கே. ராயின் மார்க்சிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு அதில் கரைந்ததைப் பாருங்கள்.