திரையில் இருந்தது தாளில் இல்லை: உங்களுக்கும் நடந்ததா?

பாம்பன்காரன்

அச்சடிக்கிற மென்பொருள் எழுதியவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். என் கதையை முதலில் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

மீன் வியாபாரி ஒருவர் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். வி.பி. 6, அதாவது விஷுவல் பேசிக் நிரல்மொழி. படகு கரைக்கு வந்ததும் நண்டு, கணவாய், இறால் என்று தனித்தனியாக எடை போட்டு, முன்பணத்தில் கழித்து, சம்மாட்டி (படகு உரிமையாளர்) கையில் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். திரையில் முதலில் சீட்டு தெரியும். சரி என்றால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து இரண்டு பிரதி. திரைக்கு ஒரு புரொசீஜர் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), பிரிண்டருக்கு ஒரு புரொசீஜர். இரண்டாவதை நான் எழுதவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முதலாவதை நகலெடுத்து, பிக்சர் பாக்ஸ் (திரையில் வரைகிற பெட்டி) என்று இருந்த இடத்தில் எல்லாம் பிரிண்டர் என்று மாற்றினேன். பத்து நிமிஷ வேலை.

ஒருநாள் முதலாளி, "தம்பி, ஐஸுக்குத் தனியா ஒரு கழிவு காட்டணும்" என்றார். சேர்த்தேன், திரையில் பார்த்தேன், சரியாக இருந்தது, வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அச்சுப் புரொசீஜரைத் தொடவில்லை. மறுநாள் விடிகாலை சம்மாட்டி கையில் இருந்த தாளில் ஒரு தொகை, கடைத் திரையில் அதைவிடக் குறைவாக ஒரு தொகை. கூட்டலைக்கூட அந்தந்தப் புரொசீஜருக்குள்ளேயே வைத்திருந்த புத்திசாலி நான். "அச்சடிச்சுக் கொடுத்த காசைக் கொடு" என்று அவர் நிற்க, கடைக்காரர் எனக்குப் போன் போட்டார். பின்னால் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

2018-இல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கடையிலும் வேலை இல்லை. அந்த நேரத்தில் இரண்டையும் ஒன்றாக்கினேன். வி.பி. 6-இல் பிக்சர் பாக்ஸுக்கும் பிரிண்டருக்கும் கோடு போட, எழுத்து எழுத, எழுத்தின் அகலம் அளக்க ஒரே பெயரில்தான் கட்டளைகள். ஆகவே 'எதில் வரைய வேண்டும்' என்பதை ஆப்ஜெக்ட் வகை மாறியாக, அதாவது இரண்டில் எதையும் குறிக்கக்கூடிய ஒரு பெயராக, வெளியிலிருந்து அனுப்பினால் போதும், உள்ளே ஒரே புரொசீஜர் வேலை செய்யும். அளவுகளை எல்லாம் ட்விப்ஸ் என்ற அலகில் வைத்தேன். ஓர் அங்குலத்துக்கு 1440, ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 567. திரை எத்தனை புள்ளி, பிரிண்டர் எத்தனை புள்ளி என்பது புரொசீஜருக்குத் தெரியவே வேண்டாம்.

முதல் ஓட்டத்திலேயே பிழை எண் 438 வந்து நின்றது. புதுப் பக்கம் எடுக்கும் கட்டளை பிரிண்டருக்கு மட்டும்தான் உண்டு, பிக்சர் பாக்ஸுக்கு அப்படி ஒன்று கிடையாது. பக்கம் பிரிப்பதை வெளியே எடுத்து, 'இந்தப் பக்கத்தை வரை' என்பதை மட்டும் உள்ளே விட்டேன்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. கோடெல்லாம் பொருந்தியது, எழுத்து பொருந்தவில்லை. பாமினி எழுத்துருவில் 10 பாயின்ட் அளவு. திரை ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல்தான், அரை பிக்சல் என்று ஒன்று அதற்குக் கிடையாது. ஓர் எழுத்தின் அகலம் 6.4 பிக்சல் என்றால் 6 என்று வெட்டிவிடும். முப்பது எழுத்து சேர்ந்தால் 12 பிக்சல், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் காணாமல் போகும். திரையில் ஒரே வரியில் அடங்கிய படகுக்காரர் பெயர் தாளில் அடுத்த கட்டத்துக்குள் ஏறி எடையை மறைத்தது. கடைசியில் எழுத்தின் அகலத்தைத் திரையிடம் கேட்பதையே விட்டுவிட்டேன். வரியை எங்கே மடிப்பது, எண்ணை எங்கே நிறுத்துவது எல்லாம் பிரிண்டரிடம் கேட்டு முடிவு செய்து வைத்துக்கொள்வேன், திரை அந்த இடங்களிலேயே எழுதும். திரையில் எழுத்துக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கூடக் குறைய இருக்கும், அழகாகவும் இருக்காது. ஆனால் சம்மாட்டி வீட்டுக்குக் கொண்டு போவது திரையை இல்லையே.

கீழக்கரையான்

பாம்பன் தம்பி, 438-ஐப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நான் சி பிளஸ் பிளஸ், எம்.எஃப்.சி. (விண்டோஸ் மென்பொருள் எழுத உதவும் நூலகம்) காலத்து ஆள். அதில் இந்தப் பிரச்சினையே வரக்கூடாது, ஏனென்றால் திரைக்கும் அச்சுக்கும் முன்னோட்டத்துக்கும் அந்த நூலகம் தானாகவே 'ஆன் டிரா' என்ற ஒரே இடத்தைத்தான் கூப்பிடும். அதனால்தான் நான் அதிகமாக மாட்டிக்கொண்டேன்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளப் பாத்திகளை வரைந்து, யார் குத்தகை, எவ்வளவு பரப்பு என்று காட்டும் ஒரு சின்ன மென்பொருள். திரையில் பிக்சல் கணக்கில் வரைந்து பழகிவிட்டேன். அச்சுக்கு மட்டும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அலகாக வரும் முறைக்கு மாற்றினேன். வெள்ளைத் தாள் வந்தது. இரண்டாம் தடவையும் வெள்ளைத் தாள். டோனர் தீர்ந்துவிட்டதா என்று பெட்டியைக் கழற்றிக் குலுக்கினேன், கையெல்லாம் கறுப்பு. காரணம் என்னவென்றால், விண்டோஸில் அந்த முறையில் ஒய் அச்சு மேல் நோக்கிப் போகும், தொடக்கப் புள்ளியோ தாளின் மேல் மூலையில். நான் வரைந்தது எல்லாம் தாளுக்கு மேலே, காற்றில். சரி என்று தொடக்கப் புள்ளியைக் கீழே இறக்கினேன். படம் வந்தது, தலைகீழாக. எழுத்து மட்டும் நேராக நிற்கிறது! எங்கள் பக்கம் கடல் தெற்கே. தாளில் கடல் வடக்கே. குத்தகைக்காரர் ஒருவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "காக்கா (அண்ணே), இது தொண்டியா?" என்றார். தொண்டியிலும் கடல் கிழக்கேதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது தீர்ந்ததும் வரப்பு காணாமல் போனது. பாத்திக்குப் பாத்தி நடுவில் கோடு போட அகலம் 0 என்று கொடுத்திருந்தேன். 0 என்றால் அந்தக் கருவியின் ஒரே ஒரு புள்ளி. திரையில் அது கால் மில்லிமீட்டர், பளிச்சென்று தெரியும். 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசரில் 0.04 மில்லிமீட்டர். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஏதோ தெரியும். செராக்ஸ் எடுத்தால் அதுவும் இல்லை, எல்லாப் பாத்தியும் ஒரே உப்பளம். கோட்டுக்கும் மில்லிமீட்டரில் அகலம் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று. திரையில் ஒரு பாத்தியைச் சொடுக்கினால் அது நீலமாகும். சொடுக்கியது அப்படியே இருக்க, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே வரைகிற இடம் அல்லவா? கறுப்பு வெள்ளை லேசரில் அந்தப் பாத்தி மட்டும் கருஞ்சாம்பல் கட்டையாக வந்தது. அதன் குத்தகைதாரர் பதறிப்போய், "எனது மட்டும் ஏன் இப்படி, கேஸ் ஏதும் ஓடுதா?" என்று கேட்டார். 'இஸ் பிரிண்டிங்' (இப்போது அச்சடிக்கிறதா) என்று கேட்டு நிறத்தை மாற்றலாம்தான், முதலில் அப்படித்தான் செய்தேன். அந்தக் கேள்வி ஓரிடத்தில் நுழைந்தால் பத்து இடத்தில் குட்டி போடும். பிறகு, பாத்தியை வரைவது ஒன்று, அதன் மேல் நீலம் பூசுவது வேறொன்று என்று பிரித்தேன். நீலம் பூசுவதைத் திரை மட்டும் கூப்பிடும். திரையை உருட்டிய (ஸ்க்ரோல்) தூரத்தைக் கழிப்பதும் அப்படியே திரையோடு நின்றுவிட்டது. அதற்கு முன் யாராவது பாதி உருட்டிவிட்டு அச்சடித்தால் தாளும் பாதியிலிருந்துதான் தொடங்கும்.

தொண்டித் தம்பி

காக்கா, தொண்டியை ஏன் இழுக்கிறீர்கள் :)

என்னுடையது சின்னது. ஜாவாவில் எழுதியது. ஐஸ் கட்டிக்குச் சீட்டு, மேலே வரிசை எண். வரைகிற இடத்திலேயே எண்ணை ஒன்று கூட்டிவிட்டேன். சீட்டு 2, 4, 6 என்று வந்தது. ஜாவாவில் ஒரே பக்கத்தை வரையச் சொல்லி அச்சு அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கூப்பிடலாம், அது ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஒற்றைப்படைச் சீட்டுகளை எல்லாம் யார் கிழித்தது என்று பையன்களை இரண்டு நாள் விசாரித்தார். பாவம் அவர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும் என்று கிளம்பி நான் ஒரு மாதம் வீணடித்தேன். உணவகத்துக்கு பில். தெர்மல் பிரிண்டர், 80 மில்லிமீட்டர் சுருள், அச்சு விழுவது 72 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஆக மொத்தம் குறுக்கே 576 புள்ளி. அதுக்கும் திரைக்கும் ஒரே வரைகலை என்று படமாக அனுப்பினேன். மெதுவாகத் துப்பியது. தமிழ் எழுத்து வேண்டாம், ஆங்கிலத்தில் போதும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், நான்தான் கேட்கவில்லை. பிறகு வெறும் எழுத்தாக, பிரிண்டரின் சொந்தக் கட்டளைகளோடு அனுப்பினேன், சரசரவென்று வந்தது. நண்டு வலையில் நெத்திலி நிற்காது. கணக்குப் போடுவது ஒன்றாக இருக்கட்டும், கோடு கிழிப்பது தனியாக இருந்தால் என்ன?

பாம்பன்காரன்

ராமேஸ்வரம் அண்ணே சொல்வது சரிதான். என் கடையில் சண்டை வந்ததே கூட்டல் இரண்டு இடத்தில் இருந்ததால். அது ஒரே இடத்தில் இருந்திருந்தால், ஐஸ் வரி தாளில் விட்டுப்போயிருந்தாலும் தொகை மாறியிருக்காது. ஆனால் முன்னோட்டம் என்று ஒன்றைக் காட்டினால் அது தாளைத்தான் காட்ட வேண்டும். உங்கள் பில்லுக்கு முன்னோட்டம் தேவையே இல்லை.

வேதாளை

நான் மென்பொருள்காரன் இல்லை, ஃபைபர் படகு வார்க்கும் அச்சுக்கு (மோல்டுக்கு) விலாச் சட்டங்களின் வளைவை வரைந்து கொடுக்கிறவன். தம்பி முறையில் ஒருவர் கியூட் நூலகத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் வரைகிற ஆள் ஒருவர்தானாம், அவர் கையில் திரையைக் கொடுத்தால் திரையில், பிரிண்டரைக் கொடுத்தால் தாளில், பி.டி.எஃப். கொடுத்தால் அதில் வரைவார். ஒரு அலகு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்திருந்தார். திரையில் எல்லாம் சுத்தம்.

வளைவை நிஜ அளவில் பல ஏ4 தாள்களில் பிரித்து, ஒட்டி, பிளைவுட்டில் வைத்து அறுப்போம். பி.டி.எஃப்-ஐ செராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். ஒட்டி, அறுத்து, முதல் மூன்று சட்டங்களை நிறுத்தினால் அகலம் பற்றவில்லை. 1,200 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 1,164. தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாக ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, எல்லாமே நூற்றுக்கு 97 என்றார். கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது இயல்பாகவே போட்டிருந்தது. பிரிண்டரால் தாளின் ஓரம் வரைக்கும் அடிக்க முடியாது, அதனால் படத்தைச் சுருக்கி உள்ளே தள்ளியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் மூலையிலும் சரியாக 100 மில்லிமீட்டரில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார், ஓரத்தில் 10 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படியும் செய்தார். செராக்ஸ் கடையிலேயே நின்று அந்தக் கோட்டை அளந்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். மூன்று பிளைவுட் பலகை போனது போனதுதான்.

மங்கலத்துப் பையன்

அண்ணன்மாரே, அவசரம். டாட் நெட்டில் (மைக்ரோசாஃப்டின் நிரல் தளம்) மிளகாய் மூட்டைக்கு முகவரிச் சீட்டு. திரையில் பெட்டிக்குள் 'ஆர்.எஸ். மங்கலம்' சரியாக நிற்கிறது. தாளில் 'ஆர்.எஸ். மங்கல' வரைக்கும்தான் வருகிறது, கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. எழுத்துருவைச் சின்னதாக்கவா?

கீழக்கரையான்

வேண்டாம் தம்பி. பெட்டி தாளில் எத்தனை என்று அளந்து பாருங்கள், கொஞ்சம் சுருங்கியிருக்கும். டாட் நெட்டில் அலகைச் சொல்லாமல் விட்டால் திரைக்குப் பிக்சல், பிரிண்டருக்கு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. 96 என்று போட்டால் திரையில் முழு அங்குலம், தாளில் 0.96 அங்குலம். பெட்டி நூற்றுக்கு நாலு சுருங்கிவிடும், எழுத்து பாயின்ட் அளவில் இருப்பதால் சுருங்காது. 'பேஜ் யூனிட்'டை (அலகைச் சொல்லும் அமைப்பை) இரண்டு இடத்திலும் மில்லிமீட்டர் என்று வைத்து, பெட்டியை மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

மங்கலத்துப் பையன்

வைத்துவிட்டேன் காக்கா. ம் வந்துவிட்டது.