குளியலறைக்கு மோஷன் சென்சார் விளக்கு: அசையாமல் அமர்ந்திருப்பவரை அது அறிகிறதா?

என் தாயாருக்கு வயது 78. இரவில் இரண்டு அல்லது மூன்று முறை எழுந்து குளியலறைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கையில் ஊன்றுகோல் இருப்பதால் மறு கையால் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடுவார். சில மாதங்களுக்கு முன் அப்படித் தேடும்போது கால் தடுமாறி, கதவு நிலையைப் பற்றிக்கொண்டு விழாமல் தப்பினார். சுவிட்சையே தேட வேண்டாத ஒரு விளக்கு அவருக்கு வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். அதைத் தேர்ந்தெடுப்பதில் நான் செய்த பிழையை இங்கே எழுதுகிறேன். இதே தேவைக்காகப் பொருத்தியவர்கள் தங்கள் அனுபவத்தையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதலில் வாங்கியது, சென்சார் உள்ளேயே அமைந்த எல்.இ.டி. பல்பு. பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் மாட்டியதும் வேலை முடிந்தது. கதவைத் திறந்து காலடி வைத்தவுடன் எரிந்தது, அம்மாவும் மகிழ்ந்தார். மூன்றாம் நாள் இரவு, கமோடில் அமர்ந்திருக்கும்போதே விளக்கு அணைந்துவிட, இருட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அசைவு நின்று 30 நொடியில் அணையும்படி அந்தப் பல்பு அமைக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தை மாற்ற அதில் வழியே இல்லை. "கையை ஆட்டுங்கள், எரிந்துவிடும்" என்று சொல்லிக்கொடுத்தேன். தோள்மூட்டு வலியோடு இருட்டில் அமர்ந்திருப்பவரிடம் அப்படிச் சொன்னது தவறு என்பதை இப்போது உணர்கிறேன். வெளிச்சத்தில் அமர்ந்தவர் இருட்டில் எழ நேர்வது, இருட்டில் நுழைவதைக் காட்டிலும் ஆபத்தானது என்றே நினைக்கிறேன்.

பி.ஐ.ஆர். எனப்படும் இந்தச் சென்சார் தானாக எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. உடல் வெப்பத்தால் நம்மிடமிருந்து வெளிப்படும், ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அது பெற்றுக்கொள்கிறது. உள்ளே இரண்டு உணர்வுப் பகுதிகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்றின் பார்வைக்கு வெப்பம் நகர்ந்தால்தான் அது விழிக்கும். மேலே உள்ள பால்நிறப் பிளாஸ்டிக் மூடிதான் அறையைப் பல துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் ஃப்ரெனெல் வில்லை. இந்த அமைப்பில், அசையாமல் அமர்ந்திருக்கும் மனிதருக்கும் சுவருக்கும் அதற்கு வேறுபாடு தெரிவதில்லை. குறுக்கே நடப்பவரை உடனே அறிகிறது. தன்னை நோக்கி நேராக வருபவரை அறியத் தாமதிக்கிறது. அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நாட்களில் அது அறியும் தொலைவும் குறைந்துவிடும்.

வாங்கும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, உள்ளே வந்தால் எரியுமா என்பதுதான். உள்ளே இருக்கும் வரை எரியுமா என்று கேட்டிருக்க வேண்டும்.

* * *

நீங்கள் சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டு நிகழ்வு நினைவுக்கு வந்தது. எங்கள் குளியலறையில் ஷவருக்கு முன் கண்ணாடித் தடுப்பு உண்டு. கூரையில் நல்ல பி.ஐ.ஆர். சென்சாரைப் பொருத்தி, அணையும் நேரத்தை ஐந்து நிமிடமாக வைத்திருந்தோம். ஆனாலும் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போது விளக்கு அணைந்தது. உள்ளே எவ்வளவு அசைந்தாலும் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும் கண்ணாடி, உடல் வெளியிடும் நீள அலை அகச்சிவப்பை விடுவதில்லை என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தடுப்புக்குப் பின்னால் சென்றவர் சென்சாருக்கு அறையை விட்டே போய்விட்டவர்தான்.

அதன் பிறகு 5.8 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் சென்சாருக்கு மாறினோம். இது தானே அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அசைவை அறிகிறது. கண்ணாடியைத் தாண்டிப் பார்க்கிறது. துரதிருஷ்டவசமாக, மரக்கதவையும் மெல்லிய சுவரையும் தாண்டிப் பார்க்கிறது. நடைவழியில் யார் போனாலும் குளியலறையில் விளக்கு எரிந்தது. உணர்திறனைக் குறைக்கக் குறைக்க, உள்ளே இருப்பவரையும் அது மறக்கத் தொடங்கியது. இரண்டு வாரம் அந்த உணர்திறன் திருகைத் திருகிச் சலித்துவிட்டேன்.

இப்போது இருப்பது 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார். அலைநீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் என்பதால், மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் எழுந்து தாழ்வதைக்கூட அது கண்டுகொள்கிறது. உங்கள் தாயாரைப் போல அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எக்ஸாஸ்ட் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தால், யாரோ உள்ளே இருப்பதாகவே அது நம்பிவிடும். எங்கள் விளக்கு ஓர் இரவு முழுவதும் எரிந்ததற்கு அதுவே காரணம். அறியும் தொலைவை மீட்டர் கணக்கில் சுருக்கி, சென்சாரின் முகத்தை ஃபேனுக்கு எதிர்த்திசையில் திருப்பிய பிறகு சரியாயிற்று. தொலைவைச் சுருக்க வழியில்லாத ரேடார் சென்சாரைக் குளியலறைக்கு வாங்க வேண்டாம்.

* * *

பல வீடுகளில் இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில், சென்சாரின் வகையைப் பேசுவதற்கு முன்பு சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான சென்சார்களுக்கு நியூட்ரல் வயர், அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி, வேண்டும். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் அது பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் இரண்டு வயர் சென்சார், தனக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்புகளுக்கு அது பொருட்டாக இருந்ததில்லை. எல்.இ.டி. விளக்கோ, அணைந்த பிறகும் மங்கலாக ஒளிரும், அல்லது விட்டுவிட்டு மினுக்கும். விளக்கில் குறை இருப்பதாக நினைத்து மூன்று விளக்குகளை மாற்றிய பிறகு என்னை அழைத்த குடும்பம் ஒன்று உண்டு. கூரையில் விளக்கு இருக்கும் இடத்தில் நியூட்ரல் கிடைக்கும் என்பதால், பெரும்பாலும் சென்சாரை அங்கேயே பொருத்திவிடுகிறேன்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் அளவையும் கவனித்துப் படியுங்கள். எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். அதனால் சென்சாருக்குள் விளக்கை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, விளக்கு அணையாமலே நின்றுவிடக்கூடும். எல்.இ.டி.க்கென்று தனியாகக் குறிப்பிட்டிருக்கும் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். அது குண்டு பல்புக்கான அளவைவிடக் குறைவாகவே இருக்கும்.

நீர் விஷயத்தில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை. குளியலறைகளுக்கான சர்வதேச மின்நிறுவல் விதி, குளியல் தொட்டிக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை உள்ள பகுதியை மண்டலம் 1 என்றும், அதற்கு வெளியே 60 சென்டிமீட்டர் வரை உள்ளதை மண்டலம் 2 என்றும் பிரிக்கிறது. தொட்டியில்லாத ஷவராக இருந்தால், நீர் வெளிவரும் வாயிலிருந்து 1.2 மீட்டர் வரை மண்டலம் 1 ஆகும். இவற்றுக்குள் வரும் எந்தக் கருவியும் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 தரம், அதாவது எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் தரம், பெற்றிருக்க வேண்டும். நான் ஐ.பி.44 தரத்துக்கு (அதே நீர்த்தாங்கும் தரத்தோடு, சிறு பொருட்கள் உள்ளே நுழையாத தரம்) குறைந்ததைக் குளியலறையில் எந்த மூலையிலும் பொருத்துவதில்லை. அந்த மின்சுற்றில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். ஹோல்டரில் மாட்டும் சென்சார் பல்புகளில் பல, நீராவி தங்கும் அறைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

* * *

சிறிய அனுபவம் ஒன்று. எங்கள் வீட்டில் சென்சார் பொருத்திய முதல் மாதம் முழுவதும், வெளியே வருபவர்கள் பழக்கத்தால் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். அடுத்தவர் போனால் எரியாது. மீண்டும் மின்சாரம் கொடுத்தாலும் பி.ஐ.ஆர். நிலைகொள்வதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். கடைசியில் அந்தச் சுவிட்சின் மேல் ஒரு மூடியைப் போட்டோம். ஆனாலும், தேவைப்படும்போது சென்சாரைத் தாண்டி விளக்கை நிரந்தரமாக எரிய வைக்க ஒரு தனிச் சுவிட்ச் இருப்பது நல்லது.

பகலில் எரியாமல் தடுக்கும் லக்ஸ் திருகு உங்கள் சென்சாரில் இருந்தால், சன்னலில்லாத குளியலறையில் அதை, பகல் இரவு பாராமல் அசைவு கண்டதும் எரியும் நிலையில் வைத்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போது நடைவழி வெளிச்சத்தைப் பார்த்துப் பகலென்று எண்ணிக்கொண்டு எங்களுடையது பல முறை ஏமாற்றியது.

* * *

பதிவைத் தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றைக் கொண்டு செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கூரை விளக்குக்கு, தொலைவைச் சுருக்கக்கூடிய ரேடார் சென்சாரை எலக்ட்ரீஷியன் பொருத்திக் கொடுத்தார்; அணையும் நேரம் 10 நிமிடம். இது தவிர, கதவுக்குப் பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில், பி.ஐ.ஆர். சென்சாரோடு கூடிய சிறிய மஞ்சள் விளக்கு ஒன்றும் வைத்தோம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் கூரை விளக்கின் வெண்ணிற ஒளி திடீரென்று விழுந்தால் அம்மாவுக்குக் கண் கூசுகிறது. திரும்பி வந்து படுத்தாலும் தூக்கம் பிடிப்பதில்லை. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனினை மட்டுப்படுத்துவது முக்கியமாக 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி என்பதால், கூரை விளக்கையும் 2700 கெல்வின் எனப்படும் மஞ்சள் சாயலுள்ள நிறத்துக்கு மாற்றிவிட்டேன்.

மின்சாரம் மிச்சமாகுமா என்று என் தம்பி கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை வாட் எடுத்துக்கொண்டு எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு சென்சார், ஆண்டுக்கு 4.4 யூனிட் செலவழிக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் எரியும் 9 வாட் விளக்கே ஆண்டுக்கு 6.6 யூனிட்தான் எடுக்கும். விளக்கை அணைக்க மறக்காத வீட்டில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அணைக்க மறந்து இரவெல்லாம் எரிய விடும் வீட்டில் ஓரளவு உண்டு. நான் அதற்காக இதைப் பொருத்தவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

பொருத்திய அன்று இரவு கதவைச் சாத்திக்கொண்டு, கமோடில் அமர்ந்து, கைகளை மடியில் வைத்து அசையாமல் இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணையவில்லை. பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். பத்தாவது நிமிடம் அணைந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் இனி அச்சமின்றிப் போகலாம் என்று சொன்னேன்.